க்ரூப் பாலிசியில் அனுமதிப் பிழைகள்: யாருக்கு, எங்கே, எந்தச் சர்வரில்?

ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே நிர்வாகத்தில் வைக்கும் விண்டோஸ் டொமைனை நிர்வகிப்பவர்கள், அவற்றுக்கான அமைப்புகளை மையமாக விதிக்க உதவும் க்ரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலில் அடிக்கடி சந்திக்கும் பிழைச்செய்தி ஒன்று உண்டு. க்ரூப் பாலிசி ஆப்ஜெக்டை (அமைப்புகளின் ஒரு தொகுப்பு, சுருக்கமாக ஜிபிஓ அல்லது பாலிசி) திறக்க இயலவில்லை, உங்களுக்கு உரிய உரிமைகள் இல்லாமல் இருக்கலாம் என்று அது சொல்லும். இதில் 'இருக்கலாம்' என்பது கன்சோலின் ஊகம் மட்டுமே. உண்மையான காரணம் அதற்குக் கீழே விவரம் என்ற தலைப்பில் வரும் சிறிய வரியில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே சன்னலை மூடிவிட்டு அனுமதிகளைத் தேடப் புறப்படுகிறார்கள். அந்த வரி 'பாதை கிடைக்கவில்லை' என்று சொன்னால், சிக்கல் பெரும்பாலும் பெயர் தீர்வில் (சர்வரின் பெயரை முகவரியாக மாற்றுவதில்), நெட்வொர்க்கில் அல்லது பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் பகிர்வில் இருக்கும். அங்கே உரிமைகளை எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் பயன் இல்லை. தனிக்கணினியின் லோக்கல் பாலிசி எடிட்டரில் 'குறிப்பிடப்படாத பிழை' என்று வந்தால், சிஸ்டம்32-க்குள் இருக்கும் க்ரூப்பாலிசி கோப்புறையின் ரெஜிஸ்ட்ரி.பால் கோப்பு சிதைந்திருப்பது வழக்கமான காரணம். அதன் பெயரை மாற்றி வைத்தால் எடிட்டர் திறந்துகொள்ளும், ஆனால் அதிலிருந்த அமைப்புகளை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். விவர வரியே 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று சொல்லும்போது, அதாவது பிழை எண் 5 அல்லது 0எக்ஸ்80070005 வரும்போதுதான், அனுமதிகளை ஆராய்வதில் பொருள் இருக்கிறது.

அந்த இடத்துக்கு வந்ததும் பல நிறுவனங்களில் நடப்பது, சம்பந்தப்பட்டவரின் கணக்கை டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்த்துவிடுவதுதான். பிழை மறைந்துவிடுகிறது, காரணம் மறைவதில்லை. ஓர் ஓயூவில் (கணக்குகளையும் கணினிகளையும் தொகுத்து வைக்கும் டொமைனின் உட்பிரிவு) ஒரே ஒரு பாலிசியைத் திருத்த வேண்டியவருக்கு முழு டொமைனின் சாவியைக் கொடுப்பது பாதுகாப்புக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, ஆய்வுக்கும் அது கேடு என்பது என் கருத்து. எந்த அனுமதி குறைந்திருந்தது என்பதை அதன் பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து வருபவருக்கும் அதே பிழை வரும், அவரும் அதே குழுவில் சேர்க்கப்படுவார். மறுத்தது எந்த இடம், மறுக்கப்பட்டது எந்தக் கணக்கு, பதில் சொன்னது எந்தச் சர்வர் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், பெரும்பாலும் ஒரு சிறிய அனுமதியிலேயே வேலை முடிந்துவிடும்.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜிபிஓ கன்சோலில் ஒரே பொருளாகத் தெரிந்தாலும், 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000-உடன் டொமைனின் தரவுத்தளமான ஆக்டிவ் டைரக்டரி வந்த நாளிலிருந்தே அது இரண்டு பாதிகளாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு பாதி ஆக்டிவ் டைரக்டரியில் சிஸ்டம் என்ற கன்டெய்னருக்குள் இருக்கும் பாலிசிஸ் என்ற கன்டெய்னரில் உள்ளது. மறு பாதி, டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களின் சிஸ்வால் பகிர்வில், அதே அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையாக இருக்கிறது. டிஃபால்ட் டொமைன் பாலிசியை எடுத்துக்கொண்டால், உலகின் எந்த டொமைனிலும் அதன் எண் 31பி2எஃப்340 என்றுதான் தொடங்கும். டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசி 6ஏசி1786சி என்று தொடங்கும். டைரக்டரிப் பாதிக்கு ஒரு ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்), கோப்புறைப் பாதிக்கு இன்னோர் ஏசிஎல். ஒன்றை எல்டாப் என்ற டைரக்டரி நெறிமுறை வழியாக டைரக்டரிச் சேவை சரிபார்க்கிறது. மற்றொன்றை எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகக் கோப்பு முறைமை சரிபார்க்கிறது. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கன்சோலில் உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கும் டெலிகேஷன் தாவலில் மாற்றம் செய்தால் அது இரண்டையும் சேர்த்தே மாற்றும். ஏடிஎஸ்ஐ எடிட் என்ற டைரக்டரித் திருத்தக் கருவி வழியாக டைரக்டரியை மட்டுமோ, எக்ஸ்புளோரர் வழியாகக் கோப்புறையை மட்டுமோ தொட்டவர்கள்தான் இந்த ஒற்றுமையைக் குலைக்கிறார்கள். அதிலும் சிஸ்வாலின் மேல்மட்டக் கோப்புறையில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றின் அனுமதிகளையும் இதைக் கொண்டு மாற்றியமை என்ற தேர்வைச் சொடுக்குவது மிகப்பெரிய சேதம். ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியாக இருந்த ஏசிஎல்கள் அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும்.

மறுத்தது எந்தப் பாதி என்பதைக் கன்சோலின் நடத்தையே ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கிறது. எடிட் என்ற தேர்வே மங்கலாக இருந்தால், டைரக்டரிப் பாதியில் எழுதும் அனுமதி இல்லை என்பதைக் கன்சோல் முன்கூட்டியே அறிந்திருக்கிறது. எடிட்டர் திறந்து, அமைப்பை மாற்றிச் சேமிக்கும் தறுவாயில் மறுப்பு வந்தால், சிஸ்வால் பாதியைச் சந்தேகிக்கலாம். பாலிசியைக் கன்சோலில் சொடுக்கியதும், சிஸ்வால் கோப்புறையின் அனுமதிகள் ஆக்டிவ் டைரக்டரியின் அனுமதிகளோடு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. போதிய உரிமை உள்ளவர் அதில் ஓகே கொடுத்தால் டைரக்டரியின் அனுமதிகள் கோப்புறைக்கும் எழுதப்படும். இந்த ஒத்திசைவு டைரக்டரியிலிருந்து கோப்புறைக்கு என்ற ஒரே திசையில்தான் செல்லும் என்பதால், ஓகே கொடுப்பதற்கு முன்பு டைரக்டரிப் பாதியின் அனுமதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. தவறான பட்டியல் அங்கே இருந்தால், அந்தத் தவறுதான் இரண்டாம் இடத்துக்கும் போய்ச் சேரும்.

உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை, உருவாக்குவது, திருத்துவது, இணைப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு உரிமைகள் என்பதை மறப்பதால் வருகின்றன. க்ரூப் பாலிசி கிரியேட்டர் ஓனர்ஸ் குழுவில் இருப்பவர் புதிய பாலிசிகளை உருவாக்கலாம், தாம் உருவாக்கியவற்றைத் திருத்தலாம். மற்றவர்கள் உருவாக்கியவற்றைத் தொட முடியாது, எந்தப் பாலிசியையும் ஓர் ஓயூவோடு இணைக்கவும் முடியாது. இணைப்பு என்பது பாலிசியில் எழுதப்படுவதே இல்லை. அது ஓயூவின் ஜிபிலிங்க் என்ற பண்பில் எழுதப்படுகிறது, ஆகவே அதற்கான அனுமதி ஓயூவின் டெலிகேஷன் தாவலில்தான் கொடுக்கப்பட வேண்டும். அந்தக் குழு குளோபல் வகையைச் சேர்ந்தது என்பதால் வேறொரு டொமைனின் கணக்கை அதில் சேர்க்க இயலாது. அப்படிப்பட்டவருக்கு, கன்சோலில் க்ரூப் பாலிசி ஆப்ஜெக்ட்ஸ் என்ற கணுவின் டெலிகேஷன் தாவலில் நேரடியாக உரிமை கொடுக்கலாம்; கன்சோல் அதை டைரக்டரியிலும் சிஸ்வாலிலும் சேர்த்தே எழுதிவிடும். இதையே டைரக்டரியின் பாலிசிஸ் கன்டெய்னரில் மட்டும் கையால் எழுதியவர்களிடமிருந்துதான், புதிய பாலிசி பாதியில் நின்றுவிட்டது என்ற புகார் வருகிறது.

அடுத்தது கணக்கு. 'யார் கேட்கிறார்கள்' என்ற கேள்வி எளிதாகத் தோன்றினாலும், நான் பார்த்தவரையில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். டொமைன் கன்ட்ரோலரிலேயே அமர்ந்து கன்சோலைச் சாதாரணமாகத் திறக்கும் நிர்வாகியிடம், யூஏசி (நிர்வாகியின் உரிமைகளை இயல்பாகக் குறைத்து வைக்கும் விண்டோஸ் ஏற்பாடு) வடிகட்டிய டோக்கன், அதாவது அவருடைய குழுக்களையும் உரிமைகளையும் தாங்கிய அடையாளச் சீட்டு, இருக்கலாம். டொமைன் அட்மின்ஸ் போன்ற குழுக்கள் அதில் மறுப்பதற்கு மட்டும் பயன்படும் உறுப்புகளாகக் குறைக்கப்பட்டிருக்கும். ஹூ-ஆம்-ஐ கட்டளையைக் குழுக்களுக்கான தேர்வுடன் இயக்கினால் இது கண்ணுக்குத் தெரியும். நிர்வாகியாக இயக்கு என்ற தேர்வோடு திறந்தால் பிழை மறையும். அதே மனிதர் தம் மேசைக் கணினியிலிருந்து தொலைநிர்வாகக் கருவிகளைக் கொண்டு அதே வேலையைச் செய்யும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனென்றால் டொமைன் கணக்கு நெட்வொர்க்கைக் கடந்து வரும்போது டொமைன் கன்ட்ரோலர் அதற்கு முழு டோக்கனையே உருவாக்குகிறது. எந்தப் பாலிசிகள் பொருந்தின என்று காட்டும் ஜிபி-ரிசல்ட் கட்டளை கணினிப் பகுதியைக் காட்ட மறுப்பதற்கும் பெரும்பாலும் இந்த வடிகட்டல்தான் காரணம். பாலிசி அனுமதிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கணக்கு பற்றிய கேள்வியின் கடினமான வடிவம் 2016-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று வெளியான எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்போடு வந்தது. அதற்கு முன்பு, பயனருக்கான பாலிசிகளைப் பயனரின் பெயரிலேயே விண்டோஸ் படித்தது. நடுவில் புகுந்தவர் அந்தப் போக்குவரத்தைத் திரிக்க முடியும் என்பதால், புதுப்பிப்புக்குப் பின் பயனர் பாலிசிகளும் கணினியின் கணக்கைக் கொண்டே படிக்கப்படுகின்றன. விளைவு என்னவென்றால், பாலிசி யாருக்குப் பொருந்தும் என்று குறிக்கும் செக்யூரிட்டி ஃபில்டரிங் பகுதியிலிருந்து ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவை நீக்கிவிட்டு, ஒரு பயனர் குழுவை மட்டும் வைத்திருந்த பாலிசிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் வேலை செய்யாமல் போயின. பயனருக்கு எல்லா உரிமையும் இருந்தது. படிக்க வந்த கணினிக்குத்தான் இல்லை. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற பெயரில் யூசர்ஸ் என்று இருந்தாலும், டொமைனில் இணைந்த கணினிகளின் கணக்குகளும் அதில் அடங்கும் என்பதால், அதை நீக்கிய கணத்தில் கணினிகளின் படிக்கும் உரிமையும் சேர்ந்தே போய்விட்டது.

தீர்வு எளிது. செக்யூரிட்டி ஃபில்டரிங்கை அப்படியே விட்டுவிட்டு, டெலிகேஷன் தாவலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் அல்லது டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுக்க வேண்டும். படிப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. அப்ளை க்ரூப் பாலிசி என்ற தனி அனுமதி குறிப்பிட்ட குழுவிடம் மட்டுமே இருப்பதால், பாலிசி வேறு யாருக்கும் போய்ச் சேராது. புதிய கன்சோல்கள் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை நீக்க முயலும்போது எச்சரிக்கின்றன என்றாலும், பழைய பாலிசிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; ஆகையால் இந்தப் பிழை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் புதிதுபோல எழுந்து வருகிறது. பவர்ஷெல்லில் எல்லா ஜிபிஓக்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் அனுமதிகளையும் கெட்-ஜிபி-பெர்மிஷன் கொண்டு எடுத்து, இந்த இரண்டு குழுக்களில் ஒன்றாவது இல்லாதவற்றைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலைக் குறைந்த உரிமையுள்ள கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு கணக்கால் படிக்க முடியாத பாலிசி, அந்தக் கணக்கு எடுக்கும் பட்டியலில் பிழையாகக்கூடத் தெரியாது, இல்லாததுபோல விடுபட்டுவிடும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற அறிக்கைதான் கைக்கு வரும்.

கணினியின் பெயரில் அணுகல் கிடைக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நேரடியாகச் சோதிக்கலாம். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் பிஎஸ்எக்ஸெக் கருவியை எஸ் தேர்வோடு இயக்கினால் சிஸ்டம் கணக்கில் ஒரு கட்டளைச் சன்னல் கிடைக்கும். அங்கிருந்து நெட்வொர்க்கை அணுகும்போது கணினியின் கணக்குதான் பயன்படும் என்பதால், சிஸ்வாலில் உள்ள அந்தப் பாலிசியின் ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பைப் படித்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். இதைச் செய்யும்போது சிஸ்வாலை டொமைனின் பெயரால் அணுக வேண்டும், ஐபி முகவரியால் அணுகக் கூடாது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த எம்எஸ்15-011 புதுப்பிப்பு சிஸ்வால், நெட்லாகன் பகிர்வுகளுக்குப் பரஸ்பர அடையாள உறுதியைக் கோரும் வசதியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10 அதை இயல்பாகவே கோருகிறது. ஐபி முகவரிக்கு, டொமைனின் அடையாள உறுதி முறையான கெர்பரோஸின் டிக்கெட் வழக்கமாகக் கிடைப்பதில்லை என்பதால் சோதனை தோற்கும். அந்தத் தோல்வியை அனுமதிக் குறைபாடு என்று எண்ணி ஏசிஎல்லைத் திருத்தப் போனவர்கள் உண்டு.

குழுவில் சேர்த்தாகிவிட்டது, ஆனாலும் மறுப்பு நிற்கவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். குழு உறுப்பினர் விவரம் டோக்கனிலும் கெர்பரோஸ் டிக்கெட்டிலும் பொதிந்து வருகிறது. டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். பயனர் வெளியேறி மீண்டும் நுழைந்தால் புதிய டோக்கன் கிடைக்கும். கணினிக் கணக்கை ஒரு குழுவில் சேர்த்திருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அது இயலாத சர்வர்களில், கேலிஸ்ட் கட்டளையை சிஸ்டம் கணக்கின் 0எக்ஸ்3ஈ7 என்ற உள்நுழைவு அமர்வுக்கு இயக்கி டிக்கெட்டுகளை நீக்கிவிட்டு ஜிபி-அப்டேட் கொடுத்துப் பார்க்கலாம். கடிகார வேறுபாடு 5 நிமிடத்தைத் தாண்டினாலும் கெர்பரோஸ் மறுக்கும். இதையும் அனுமதிப் பிழையாகத் தவறாகப் படிப்பது எளிது.

மூன்றாவது கேள்வி சர்வர். கன்சோல் இயல்பாக பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பை வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரோடு பேசுகிறது. கணினிகள் தமக்கு அருகிலுள்ள டொமைன் கன்ட்ரோலரோடு பேசுகின்றன. நீங்கள் கொடுத்த அனுமதி ஓரிடத்தில் எழுதப்பட்டு, இன்னோர் இடத்துக்கு இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம். ஒரே சைட்டுக்குள், அதாவது ஒரே இடத்து நெட்வொர்க்குக்குள், இது விரைவில் சென்றுவிடும். சைட்டுகளுக்கு இடையில் ரெப்ளிகேஷனின் (சர்வர்களுக்கு இடையே நகலெடுப்பதன்) இயல்பான இடைவெளி 180 நிமிடம். போதாக்குறைக்கு, டைரக்டரிப் பாதி ஆக்டிவ் டைரக்டரியின் ரெப்ளிகேஷனிலும், சிஸ்வால் பாதி டிஎஃப்எஸ்ஆர் என்ற கோப்பு நகலெடுப்புச் சேவை வழியாகவும் தனித்தனியே பயணிக்கின்றன. ஒன்று சென்று மற்றொன்று செல்லாத இடைப்பட்ட நேரத்தில் வரும் பிழைகள் தாமாகவே மறைந்துவிடும். தாமாக மறைந்த பிழைக்கு, அந்த நேரத்தில் யார் எதைத் தொட்டுக்கொண்டிருந்தாரோ அதுவே தீர்வு என்று பெயர் வாங்கிவிடுகிறது. இப்படி உருவான செவிவழி மருத்துவம் இந்தத் துறையில் ஏராளம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் கன்சோலில் உள்ள ஸ்டேட்டஸ் தாவல், ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் பாலிசியின் பதிப்பும் ஏசிஎல்லும் ஒத்திருக்கின்றனவா என்று காட்டுகிறது. அனுமதியை மாற்றிய பின் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு டொமைன் கன்ட்ரோலர் டிஎஃப்எஸ்ஆரிலிருந்து 60 நாட்களுக்கு மேல் விலகியிருந்தால், அது 4012 என்ற நிகழ்வைப் பதிந்து ரெப்ளிகேஷனை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட சர்வரில் பழைய அனுமதிகள் காலவரையின்றித் தங்கிவிடும்.

வாடிக்கைக் கணினியின் பக்கத்தில் நம்பகமான சாட்சி ஈவென்ட் வியூவர். சிஸ்டம் பதிவில் 1058 என்ற நிகழ்வு, ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். அதன் விவரங்கள் தாவலில் உள்ள பிழைக் குறியீடுதான் முக்கியம். 5 என்றால் அனுமதி, 3 என்றால் அந்தப் பாதையே இல்லை, 53 என்றால் நெட்வொர்க் பாதையை எட்ட முடியவில்லை. நிகழ்வின் எண்ணை மட்டும் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். க்ரூப்பாலிசி என்ற பெயரில் உள்ள ஆபரேஷனல் பதிவில், பயன்படுத்தப்பட்ட பாலிசிகளை 5312-உம், வடிகட்டப்பட்டவற்றை 5313-உம் பட்டியலிடும். இவற்றிலும் தெளிவு கிடைக்காவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் ஜிபிஎஸ்விசி டீபக் லெவல் என்ற மதிப்பை 0எக்ஸ்30002 ஆக்கி விரிவான பதிவை எடுக்கலாம். விண்டோஸ் கோப்புறையின் டீபக் கோப்புறைக்குள் யூசர்மோட் என்ற கோப்புறை இல்லாவிட்டால் அந்தப் பதிவு எழுதப்படாது. அதை முதலிலேயே உருவாக்கிவிட வேண்டும்.

கன்சோலிலிருந்து தொலைவில் உள்ள கணினியின் பாலிசி முடிவுகளைக் கேட்கும்போது வரும் மறுப்பு வேறு வகை. அதற்கு அந்தக் கணினியில் நிர்வாகி உரிமையோ, ஓயூவில் முடிவுகளைப் படிப்பதற்கான தனி அனுமதியோ வேண்டும். 'ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்தால் ஃபயர்வாலைப் பார்ப்பது போதும்.

டொமைன் அட்மின்ஸ் உறுப்பினருக்கே மறுப்பு வரும் நிலையும் உண்டு, அது சற்றுக் கவனத்தோடு கையாள வேண்டியது. ஓயூவின் இணைப்புப் பட்டியலில் பாலிசியின் பெயருக்குப் பதிலாக இன்ஆக்ஸெசிபிள் என்று தெரியும். பாலிசிகளின் பொதுப் பட்டியலில் அது தென்படாது. யாரோ ஒருவர் எல்லாக் குழுக்களையும் டெலிகேஷனிலிருந்து நீக்கியிருப்பார், அல்லது தாமும் அடங்கிய ஒரு குழுவுக்கு டினை (மறுப்பு) கொடுத்திருப்பார். டினை என்பது அதே மட்டத்தில் கொடுக்கப்பட்ட அனுமதியை வென்றுவிடும். இந்நிலையில் ஓயூவின் ஜிபிலிங்க் பண்பைப் படித்து, அதில் உள்ள அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு ஏடிஎஸ்ஐ எடிட்டில் பாலிசிஸ் கன்டெய்னருக்குள் அந்த எண்ணுள்ள பொருளின் உரிமையாளராக முதலில் நிர்வாகிகளின் குழுவை ஆக்க வேண்டும். சன்னலை மூடித் திறந்த பிறகே அனுமதிகளைத் திருத்த இயலும். பிறகு கன்சோலைப் புதுப்பித்தால் பாலிசி தெரியத் தொடங்கும், சிஸ்வாலோடு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையும் அநேகமாக வரும். அப்போது ஓகே கொடுக்கலாம். சிஸ்வால் கோப்புறையின் உரிமையும் வேறொருவரிடம் இருந்து ஓகே தோற்றால், அந்தக் கோப்புறைக்கு மட்டும் உரிமையை எடுத்துக்கொண்டு மறுபடி முயல வேண்டும்.

டிஃபால்ட் பாலிசிகள் இரண்டில் ஒன்று இந்த நிலைக்கு வந்தால் டிசி-ஜிபிஓ-ஃபிக்ஸ் கட்டளையை இயக்கச் சொல்லும் அறிவுரை பரவலாகக் கிடைக்கும். நான் அதைக் கடைசிக்கும் கடைசியாகவே வைத்திருப்பேன். அது அனுமதிகளைச் சரிசெய்யும் கருவி அல்ல. அந்தப் பாலிசிகளையே தொடக்க நிலையில் மீண்டும் உருவாக்கும் கருவி. கடவுச்சொல் விதிகள், டொமைன் கன்ட்ரோலர்களில் பிற மென்பொருள்கள் நிறுவப்படும்போது சேர்த்துக்கொண்ட பயனர் உரிமைகள் எல்லாம் அதில் போய்விடும். எந்த ஏசிஎல்லைத் தொடுவதற்கு முன்பும், பேக்கப்-ஜிபிஓ கொண்டு பாலிசியையும், ஐகாக்ல்ஸின் சேமிப்புத் தேர்வைக் கொண்டு சிஸ்வால் கோப்புறையின் அனுமதிகளையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துவிட்டால், டிசி-ஜிபிஓ-ஃபிக்ஸ் வரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.